வாட்சில் இருந்த முப்பத்தொரு பெயர்கள்

பெசன்ட் நகர்
6 ஜனவரி 2025

அன்புள்ள தம்பி ஜேக்கப்புக்கு,

ராஜா அண்ணாமலைபுரத்துக்கும் இங்கேயும் நடுவில் இருபது நிமிஷம்தான், ஃபோனும் இருக்கிறது, அக்கா எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நான் ஃபோனை எடுத்தாலும், ஞாயிறு காபிக்கு நீ வந்தாலும், உன் அத்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். அவரைப் பற்றித்தான் பேச வேண்டும். கீழ் வீட்டுக் கயல் உன் தெரு வழியாகத்தான் பேங்க் வேலைக்குப் போகிறாள். பதிலை அவளிடமே கொடுத்தனுப்பு. ஃபோன் செய்யாதே.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு பிளேடு வாங்கி வருகிறேன் என்று அத்தான் கிளம்பினார். பன்னிரண்டாகியும் வரவில்லை. கடற்கரை, இங்கே இருக்கும் வேளாங்கண்ணி மாதா கோயில், பஸ் டிப்போ, எல்லா இடத்திலும் தேடினேன். மூன்றரை மணிக்கு ஒரு பஸ் கண்டக்டர் தி. நகர் பனகல் பார்க்கிலிருந்து ஃபோன் செய்தார். "எங்க போவணும்னு கேட்டா வாட்சையே காட்டிக்கினு கீறாரும்மா. அதுல டைம்தான் கீது" என்றார். சட்டைப் பையில் மருந்துக்கடை பில் இருந்ததாம், அதில் என் நம்பர் இருந்ததாம். அந்த பில் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்?

உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷமாக அத்தானுக்கு ஞாபகம் தப்புகிறது. டாக்டர் நோயின் பெயரை எழுதியே கொடுத்துவிட்டார். முப்பத்துநாலு வருஷம் டிராஃப்ட்ஸ்மேனாக ஒரு கோடு பிசகாமல் வரைந்த மனுஷனை நாலு பேர் 'ஐயோ பாவம்' என்று சொல்வதை என்னால் கேட்க முடியாது. அதனால் யாரிடமும் சொல்லவில்லை. கனடாவில் இருக்கும் என் பெண் ஜொவிட்டாவுக்கே போன மாதம்தான் தெரியும்.

ஆனாலும் அவர் வெளியே போய் வந்துகொண்டுதான் இருந்தார். வழி தெரியாவிட்டால் நின்றுவிடுவார். பக்கத்தில் இருப்பவரிடம் கையை நீட்டி, பெயரும் ஃபோன் நம்பரும் போட்டு வைக்கிற அந்தப் பழைய கால்குலேட்டர் வாட்சில் ஒரு பொத்தானை ஒரே ஒரு தடவை அழுத்திக் காட்டுவார். என் நம்பர் வரும், அவர்கள் என்னைக் கூப்பிடுவார்கள். இப்படி நாலு தடவை நடந்திருக்கிறது. மொபைலைக் கொடுத்தால் அரிசி டப்பாவுக்குள் வைத்துவிடுகிறார். வாட்சை மட்டும் அவர் கை மறக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் நானே அழுத்திப் பார்த்தேன். ஒரு பெயரும் இல்லை, ஒரு நம்பரும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீதானே பேட்டரி மாற்றித் தருகிறேன் என்று கழற்றிக்கொண்டு போனாய்? திருப்பிக் கொடுத்தபோது பெயர்கள் இருந்தனவா? எனக்குப் பயமாக இருக்கிறது. உடனே எழுது.

அக்கா கிளாடிஸ்

*

ராஜா அண்ணாமலைபுரம்
8 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா,

மூன்று தடவை படித்தேன். முதலில் கோபம்தான் வந்தது. ஞாயிறு தவறாமல் பூசை முடிந்து உன் வீட்டில்தான் காபி குடிக்கிறேன். இரண்டு வருஷம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே மறைத்திருக்கிறாய். அத்தான் என்னை இரண்டு தடவை 'சார்' என்று கூப்பிட்டபோது கிண்டல் பண்ணுகிறார் என்று சிரித்தேன். இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வாட்ச் விஷயம். அது நாற்பது வருஷத்துப் பழசு. பேட்டரியை எடுத்தால் மெமரி போய்விடும், எல்லாப் பழைய வாட்சிலும் நடப்பதுதான். அதில் யார் தப்பும் இல்லை. நம்பர்களைத் திரும்பப் போட்டுவிட்டால் போதும். எப்படி என்று தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். ஐம்பது பெயர் பிடிக்கும், ஒரு பெயருக்கு எட்டு எழுத்து, எல்லாம் இங்கிலீஷ் பெரிய எழுத்து. எந்த வரிசையில் போட்டாலும் அதுவே ஏ, பி, சி என்று அடுக்கிக்கொள்ளும். பொத்தானை நகத்தால் அழுத்தாதே, விரலின் சதையால் அழுத்து.

இன்னொன்று. என்னிடம் நாற்பத்தொரு கால்குலேட்டர் வாட்ச் இருக்கிறது, ஆனால் பொத்தானில் ஓர் எண்கூட அழியாமல் அத்தானுடையது போல ஒன்று இல்லை. தெருவில் தொலைந்தால் போனதுதான். அதை என்னிடம் பத்திரமாகக் கொடுத்துவிட்டு, அவருக்குப் புதிதாக ஏதாவது வாங்கிக் கட்டலாமா? இருக்கும் இடத்தை ஃபோனில் காட்டும் வாட்ச்கூட இப்போது கிடைக்கிறது. யோசித்துச் சொல்.

ஜேக்கப்

*

பெசன்ட் நகர்
16 ஜனவரி 2025

ஜேக்கப்,

என் புருஷன் தொலைந்துபோனார் என்று எழுதினேன். வாட்ச் தொலைந்துவிடப் போகிறது என்று பதில் எழுதுகிறாய். நல்லா இருக்கு.

நீ எழுதினபடியே எல்லாம் போட்டேன். நாலு சாயங்காலம் ஆயிற்று. கண்ணாடி போட்டும் அந்தப் பொத்தான் கண்ணுக்குத் தெரியவில்லை. என் பெயரைப் போட்டேன், ஜொவிட்டா, பங்குச் சாமியார், பால்காரர், டாக்டர், எலக்ட்ரீஷியன் அசோகன் என்று பதினாறு பேர். பொங்கலன்று காலை அத்தான் கேட்டுக்கு வெளியே நின்று, போகிறவர் ஒருவரிடம் கையை நீட்டி ஒரு தடவை அழுத்தியிருக்கிறார். அரை மணியில் அசோகன் டெஸ்டரும் கையுமாக வந்து நின்றான். "இன்னாம்மா, சார் கூப்புடறாருன்னு யாரோ ஃபோன் பண்ணாங்க, கரண்டு லைனு போச்சா?" என்றான். ஏ வரிசையில் அவன்தான் முதல்.

அன்று சாயங்காலம் அத்தான் வாட்சைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார். "இது என்னோடது இல்ல, யாரோ மாத்திட்டாங்க" என்கிறார். கட்டிவிட்டால் பிடுங்கி எறிகிறார். நீ சொன்ன புது வாட்சையும் ஜொவிட்டா போன மாதமே அனுப்பினாள். அதைக் கட்டிய ஐந்தாவது நிமிஷம் ஜன்னல் வழியாக வெளியே போட்டார்.

நேற்று மயிலாப்பூரில் வாட்ச் ரிப்பேர் பாலுவிடம் இதை எடுத்துக்கொண்டு போனேன். பின்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, இதில் இரண்டு பேட்டரி என்றார். ஒன்றை மாற்றி முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தால் ஒரு பெயரும் போகாதாம், அதற்காகத்தான் இரண்டு வைத்திருக்கிறார்களாம். பிறகு ஒரு புள்ளியைக் காட்டினார். "இங்க ட்வீசர் வச்ச தடம் கீதும்மா. இத்த தொட்டா மொத்தமும் அழிஞ்சிடும். தானா அழியல, யாரோ அழிச்சிகீறாங்க."

நாற்பத்தொரு வாட்ச் வைத்திருக்கிறவனுக்கு இது தெரியாதா? ஆமாம் இல்லை என்று ஒரு வார்த்தையில் எழுது.

கிளாடிஸ்

*

ராஜா அண்ணாமலைபுரம்
18 ஜனவரி 2025

அக்கா,

ஆமாம். நான்தான் அழித்தேன்.

பேட்டரியை ஒவ்வொன்றாகத்தான் மாற்றினேன். பெயர்கள் பத்திரமாக இருந்தன. அதற்குப் பிறகுதான் ட்வீசரை வைத்தேன். என் மேஜைக்கு எந்த வாட்ச் வந்தாலும் கடைசியில் அதைத்தான் செய்வேன். பழைய வாட்சுக்குள் யாரோ ஒருவருடைய அலாரம் இருக்கும், யாரோ ஒருவருடைய மாமனார் நம்பர் இருக்கும். அதையெல்லாம் துடைத்து, பெட்டியிலிருந்து எடுத்தது போல ஆக்கினால்தான் எனக்கு அது என்னுடைய வாட்ச். இதைச் சேகரிக்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான். இருபது வருஷப் பழக்கம், கை தானாகப் போய்விட்டது என்று எழுதலாமென்று பார்த்தேன். எழுதினால் அது பாதிப் பொய்.

அத்தானிடம் அந்த வாட்சைக் கேட்டு வாங்கிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். ரிட்டயர் ஆன மனுஷன், இனி யாருக்கு ஃபோன் பண்ணப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கையிலிருந்து கழற்றும்போதே அது என்னுடையதாகிவிட்டது போல ஒரு நினைப்பு. அதனால்தான் துடைத்தேன். நீ முதல் கடிதம் எழுதியபோதே எனக்குத் தெரியும். பயத்தில் பொய் எழுதினேன்.

நீ இரண்டு வருஷத்துக்கு முன்பே சொல்லியிருந்தால் அதைத் தொட்டிருக்க மாட்டேன். இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, தெரியும். இருந்தாலும் மனசில் இருப்பதை எழுதிவிடுகிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?

ஜேக்கப்

*

பெசன்ட் நகர்
22 ஜனவரி 2025

வராதே.

நான் சொல்லவில்லை என்று என்மேல் பழி போடுகிறாயே, உன் அத்தானிடம் கேட்டாயா? 'அழிக்கட்டுமா' என்று ஒரு வார்த்தை? அந்த ஆள் உன் கல்யாணத்துக்கு மண்டபம் தேடி மூன்று வாரம் அலைந்தவர்.

இப்போது கிரில் கேட்டுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறேன். காலை ஒன்பது மணியானால் செருப்பு மாட்டிக்கொண்டு அங்கே வந்து நிற்கிறார். "ஏன் பூட்டியிருக்க? நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்கிறார். முந்தாநாள் கம்பிக்கு நடுவில் கையை விட்டுப் பூட்டை இழுத்ததில் புறங்கை கிழிந்து மூன்று தையல். தையல் போடும்போது அழவில்லை. வீட்டுக்கு வந்து மறுபடி பூட்டைப் பார்த்ததும் அழுதார். கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

ஜொவிட்டா பிப்ரவரி பதினைந்தாம் தேதி வருகிறாள். ஈ.சி.ஆர். ரோட்டில், ஞாபகம் தப்பியவர்களைப் பார்த்துக்கொள்கிற ஒரு இல்லம் பார்த்து வைத்திருக்கிறாள். "அப்பாவைப் பூட்டி வச்சுத்தான் பாத்துக்க முடியும்னா, அதை அவங்க இன்னும் நல்லா செய்வாங்கம்மா" என்றாள். போய் வந்துகொண்டிருந்தவரை நான் அங்கே கொண்டுபோய் விட வேண்டும். அதை நினைத்துத்தான் தூக்கம் இல்லை.

அந்த ஒரு பொத்தானை அழுத்தினால் என் நம்பர் எப்படி முதலில் வந்தது என்று யோசித்து யோசித்து மண்டை காய்கிறது. என் பெயர் ஜி-யில் வருகிறது. ஏ-யில் வருகிற மாதிரி எனக்கு என்ன பெயர் வைத்திருந்தார்? அவரைக் கேட்டால் சிரிக்கிறார். வாட்சை வேண்டாம் என்று எறிகிறவருக்கு அந்தப் பெயரைப் பார்த்தால்தான் தன்னுடையது என்று தெரியும். அது என்னவென்று தெரிந்தவர் உலகத்தில் யாரும் இல்லை.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

கி.

*

ராஜா அண்ணாமலைபுரம்
27 ஜனவரி 2025

அக்கா,

பதில் எழுத வேண்டாம் என்றாய். எழுதாவிட்டால் அது இன்னும் பெரிய பாவம். கயல் வாங்க மறுத்துவிட்டால் என்ன செய்வது என்று ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். கிழித்துப் போடாமல் படி.

அந்தப் பெயர் எனக்குத் தெரியும்.

துடைப்பதற்கு முன்னால் நான் ஒவ்வொரு பெயரையும் படம் எடுத்தேன். கால்குலேட்டர் வாட்ச் சேகரிக்கும் எங்கள் ஆட்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் இருக்கிறது. முதலில் வைத்திருந்தவர் போட்ட பெயர்களோடு ஒரு வாட்ச் கிடைத்தால் அதைப் போட்டுப் பெருமையடித்துக்கொள்வோம். நானும் போட்டேன். முப்பத்தொரு படம். அத்தான் பெயர்களைச் சுருக்கி எழுதியிருந்ததைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். முதல் பெயருக்குத்தான் ரொம்பச் சிரிப்பு. இதைச் சொல்ல அவமானமாக இருந்ததால் போன கடிதத்தில் மறைத்தேன். உன் கடிதம் வந்து ஐந்து நாள் அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

முதல் பெயர் 'ஏஏ லாஸ்ட்', தொலைந்துபோனவன் என்கிற லாஸ்ட். அதற்குக் கீழே உன் மொபைல் நம்பர்.

முன்னால் இருக்கும் இரண்டு ஏ எதற்கென்று அன்று எங்களுக்குப் புரியவில்லை. வாட்ச் தானாக அடுக்குமில்லையா, அதில் எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்க வேண்டும் என்பதற்காக. தொலைந்துபோன ஆள் பெயர் தேடிக்கொண்டிருக்க முடியாது, ஒரே அழுத்தலில் வர வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.

இன்னொரு படமும் பார்த்தேன். அதிலிருக்கும் டாக்டர் நம்பர் உன் டாக்டருடையது இல்லை. கூப்பிட்டுக் கேட்டேன். கோபாலபுரத்தில் ஒரு நரம்பு டாக்டர். அத்தான் 2019-ல் தனியாக வந்து காட்டியிருக்கிறார். அங்கே ஃபோனை எடுத்த அம்மாள் அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. நீ கண்டுபிடித்தது இரண்டு வருஷத்துக்கு முன்பு. அத்தானுக்கு அதற்கு நாலு வருஷம் முன்பே தெரியும் அக்கா. உன்னிடம் சொல்லாமல் இதைச் செய்து வைத்துவிட்டு இருந்திருக்கிறார்.

குரூப்பில் படங்களை எடுத்துவிட்டேன், நானும் வெளியே வந்துவிட்டேன். வாட்சைக் கொடுத்தனுப்பு. அவர் எழுதியிருந்தபடியே, எழுத்துப் பிழை இருந்தால் அதோடேயே, போட்டுத் தருகிறேன். உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்.

ஜேக்கப்

*

பெசன்ட் நகர்
30 ஜனவரி 2025

ஜேக்கப்,

வாட்ச் கயலிடம் இருக்கிறது. நாளை சாயங்காலம் அவள் திரும்பும்போது என் கைக்கு வந்தாக வேண்டும்.

2019-ல் அவர் வாரம் ஒரு தடவை மியூசிக் கச்சேரி கேட்கப் போகிறேன் என்று கோபாலபுரம் பக்கம் போவார். இந்த மனுஷனுக்குக் கச்சேரியா என்று நான் கிண்டல் பண்ணுவேன். நேற்று முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, 'எனக்கு ஏங்க சொல்லல' என்று கேட்டேன். "என்னத்த?" என்றார். கேட்க வேண்டிய காலத்தில் கேட்கவில்லை, இப்போது யாரிடம் கேட்பது?

உன்மேல் கோபம் போகவில்லை. ஆனால் அந்தப் படங்களை நீ எடுக்காமல் இருந்திருந்தால் எனக்கு இதுவும் தெரிந்திருக்காது. எந்தப் பக்கம் திரும்பிக் கோபப்படுவது என்று தெரியவில்லை.

கிளாடிஸ்

*

ராஜா அண்ணாமலைபுரம்
31 ஜனவரி 2025

அக்கா,

போட்டுவிட்டேன். முப்பத்தொன்றும். ஒவ்வொன்றையும் படத்தோடு வைத்து இரண்டு தடவை சரிபார்த்தேன். உன் நம்பரை மட்டும் நாலு தடவை அழித்து அழித்துப் போட்டேன். அதில் பலர் இப்போது உயிரோடு இல்லை, பல நம்பர் ஆறு இலக்கத்தில் இருக்கிறது, அதையும் விடவில்லை. என் பெயரும் இருக்கிறது. அதில் என் பழைய லேண்ட்லைன் நம்பர். மாற்றலாமா என்று கை போயிற்று, மாற்றவில்லை.

கட்டிவிட்டு என்ன சொன்னார் என்று ஒரு வரி எழுது. இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

ஜேக்கப்

*

பெசன்ட் நகர்
13 பிப்ரவரி 2025

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு வாரமாக எழுதாததற்குக் காரணம், எழுதினால் கெட்டுவிடுமோ என்ற பயம்.

அன்று வாட்சை மேஜையில் வைத்துவிட்டுச் சமையல்கட்டுக்குப் போய்விட்டேன். அவரே எடுத்தார். ஒரு தடவை அழுத்தினார், பார்த்தார், கட்டிக்கொண்டார். சோறு போட்டேன், சாப்பிட்டார். நான்தான் கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன்.

பூட்டைத் திறக்க எனக்குப் பத்து நாள் தைரியம் வரவில்லை. பூட்டியே வைத்திருந்தால் ஜொவிட்டா சொன்னதும் நான் செய்வதும் ஒன்றுதான் என்று தோன்றியதால் திங்கட்கிழமை திறந்தேன். போனார், பிளேடு வாங்கிக்கொண்டு வந்தார். செவ்வாய்க்கிழமையும் போய் வந்தார். நான் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

நேற்று ஒன்பதரைக்குப் போனவர் பதினொன்றாகியும் வரவில்லை. உனக்கு ஃபோன் செய்ய எடுத்தேன். அதற்குள் மணி அடித்தது, தெரியாத நம்பர். லஸ் கார்னரில் பழம் விற்கிற அம்மா, ஜைதூன் பீ என்று பெயர் சொன்னார். "பெரியவரு ஒருத்தரு வாட்சக் காட்டினே நிக்கறாரும்மா. அதுல வந்த நம்பர்தான் போட்டேன். நீ பதறாத, நெழல்ல ஒக்கார வச்சிகீறேன், வா" என்றார். என் புருஷன் தொலைந்துவிட்டார் என்று கேட்டு, மாதாவே நன்றி என்று நான் வாய்விட்டுச் சொன்னேன். பைத்தியக்காரி என்று நினைத்திருப்பார்.

ஆட்டோ பிடித்துப் போனேன். ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு கொய்யாப்பழத்தைப் பாதி தின்றுகொண்டிருந்தார். நேரே போய் முன்னால் நின்றேன். தலையைத் தூக்கிப் பார்த்தார். "சொல்லுங்கம்மா" என்றார்.

நான் கிளாடிஸ் என்றேன். மரியாதையாகச் சிரித்தார். "என் ஒய்ஃப் வராங்க, ஃபோன் பண்ணியிருக்கு. வேற யார்கூடயும் நான் போகக் கூடாது" என்றார். ஜைதூன் பீ, "இவங்கதான் பெரியவரே ஒன் சம்சாரம்" என்றார். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஜேக்கப், இதுவரை என் பெயரை அவர் மறந்ததில்லை.

அப்புறம் அவரே கேட்டார். "அப்படின்னா உங்க நம்பர் சொல்லுங்க."

சொன்னேன். வாட்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, ஆபீசில் வரைபடத்தைச் சரிபார்ப்பது போல ஒவ்வோர் எண்ணுக்கும் விரல் வைத்துப் பார்த்தார். நடுவில் வேகமாகச் சொல்லிவிட்டேன் என்று நிறுத்தி, முதலிலிருந்து சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னேன். பத்தாவது எண் வந்ததும், "கரெக்ட்" என்று எழுந்து வந்தார்.

ஜொவிட்டா நாளை மறுநாள் வருகிறாள். அவளிடம் இதை முழுதாகச் சொல்லப் போகிறேன். கேட்டுவிட்டு அவள் என்ன சொல்வாள் என்று தெரியவில்லை. நீ பக்கத்தில் இருந்தால் எனக்குத் தைரியமாக இருக்கும். காலையிலேயே வந்துவிடு.

திரும்பும்போது ஆட்டோவில் வாட்சையே பார்த்துக்கொண்டு வந்தார். அடையாறு பாலம் தாண்டும்போது என் பக்கம் திரும்பினார். "கொஞ்சம் சீக்கிரம் போகச் சொல்லுங்கம்மா. வீட்டுல என் ஒய்ஃப் தனியா இருப்பா, ரொம்ப பயப்படுவா" என்றார்.

சொல்றேங்க என்றேன்.

அக்கா கிளாடிஸ்